யதுகிரியின் சிவங்கி

"அடி சிவங்கி, நில்லுடீ!"

கல்யாணிக் குளத்துப் படிகளில் நான் இறங்கி ஓடும்போதெல்லாம் பாட்டியின் குரல் பின்னாலேயே வரும். மேல்கோட்டை ஓடுவதற்கென்றே அமைந்த ஊர். மேலே யோக நரசிம்மர் மலை, கீழே கல்யாணி, நடுவில் சரிந்து இறங்கும் வீதிகள். அங்கே நடந்து போக ஒரு குழந்தையின் கால்கள் ஒப்பாது. பாட்டி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு சில படிகள் இறங்குவாள். மூச்சு வாங்கும். மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. அந்தக் கூப்பாட்டில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு ஆண்டாளின் பெயரை வைத்திருந்தார்கள். சாப்பிட உட்காரும்போதும் கோயிலிலும்தான் பாட்டி அந்தப் பெயரைச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் நான் சிவங்கி.

நாங்கள் மண்டயம் ஐயங்கார்கள். தமிழ்ச் சீமையிலிருந்து எப்போதோ மைசூர்ச் சீமைக்குப் போய், வாசலுக்கு உள்ளே தமிழும் வாசலைத் தாண்டினால் கன்னடமுமாக வாழ்ந்த கூட்டம். ரசத்தைச் சாத்தமது என்போம், பாயசத்தைத் திருக்கண்ணமது என்போம். அந்த வைணவத் தமிழோடு கன்னடச் சொற்கள் வெட்கமில்லாமல் கலந்து உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்குச் சென்னையில் உத்தியோகம். கோடை விடுமுறை விட்டதும் மைசூர் ரயில் ஏறி, பாண்டவபுரத்தில் இறங்கி, பஸ் பிடிப்போம். பாண்டவபுரத்தைத் தாத்தா கடைசி வரை 'பிரெஞ்சு ராக்ஸ்' என்றுதான் சொன்னார். ஹைதர், திப்பு காலத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கே முகாம் போட்டிருந்ததால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். சிப்பாய்கள் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் போகவில்லை. ஜக்கனஹள்ளி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறும். வெயில் அதேதான், ஆனால் உறைக்காது.

தாத்தா ஊர்ப் பாடசாலையில் வியாகரணம் சொல்லிக்கொடுத்தவர். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் வேர் வரைக்கும் போகாமல் விடமாட்டார். ஒரு மத்தியானம் திண்ணையில் அவர் திருமண் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். மேல்கோட்டைத் திருமண் என்றால் அதற்கு ஒரு தனி மதிப்பு. ராமானுஜர் இந்த மலைக்கு வந்ததே திருமண் தேடித்தான் என்று எங்களுக்குக் கதை உண்டு.

"தாத்தா, சிவங்கின்னா என்ன?"

"புலியிலே ஒரு ஜாதி, கொழந்தே. ஓட்டத்துலே அதை மிஞ்சறதுக்கு ஒண்ணு கெடையாது."

"நம்ம மலையிலே இருக்கா?"

"இல்லே. எங்கேயும் இல்லே இப்போ."

அதற்குள் பாட்டி உள்ளேயிருந்து, "எங்கம்மா பாத்திருக்கா" என்றாள். தாத்தா மறுக்கவில்லை. பாட்டியின் அம்மா சிவங்கியைப் பார்த்தாளா, அவள் பார்த்தது சிறுத்தையா, கழுதைப்புலியா என்று இன்று யார் சொல்ல முடியும்? அந்தச் சொல் அவள் வாயிலிருந்து பாட்டிக்கும், பாட்டி வாயிலிருந்து எனக்கும் வந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

தாத்தாவுக்கு அந்த மிருகம் சித்ரகம். சித்ரம் என்றால் பல நிறம், புள்ளி, எழுதிய கோலம். நாம் சித்திரம் என்று சொல்லும் அதே சொல். உடம்பெல்லாம் பொட்டு வைத்து எழுதியதுபோல இருப்பதால் சித்ரகம், சித்ரகாயம். அது வடக்கே பேச்சுவழக்கில் தேய்ந்து 'சீத்தா' ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் அதைக் காதால் வாங்கித் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அதுவே இன்று உலகம் முழுவதும் 'சீட்டா'. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் அந்த மிருகத்துக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் எங்கள் தாத்தாவின் சித்ரகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விளங்கும். சுவாகிலியில் அது 'டூமா'. தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களின் மொழியில் அதன் பெயருக்கு வேட்டைச் சிறுத்தை என்று பொருள். பாரசீகத்தில் 'யூஸ்'. ஷ்ரேபர் என்ற ஜெர்மானியர் 1775-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது முன்னால் வைத்துக்கொண்டது ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை விலங்கை. லத்தீனில் அவர் தேர்ந்த 'ஜுபாட்டா' பிடரிமயிர் உடையது என்று பொருள்படும். குட்டிகளுக்கு முதுகில் நீளமாக ஒரு சாம்பல் மயிர் உண்டு. ஆனால் கென்யாவின் புல்வெளியில் ஓடும் மிருகத்தையும் இன்று உலகம் சமஸ்கிருத வேரிலிருந்து வந்த பெயரால்தான் அழைக்கிறது. பெயரைக் கொடுத்த நாட்டில் மிருகம் இல்லாமல் போனது.

பாட்டியின் சிவங்கி வேறு வழியில் வந்த சொல். மதராஸ் ராணுவத்தில் வைத்தியராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1867-ல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்த மிருகத்துக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்றாகச் சிவங்கியைக் குறித்திருக்கிறார். ஜெர்டனே ஒரு சிவிங்கிக் குட்டியை வேட்டைநாய்க்குட்டிகளோடு சேர்த்து வளர்த்தவர். ஆகவே அவர் பெயர்களைக் கேட்டு எழுதியது கண்ணால் கண்ட மிருகத்துக்கு. தெலுங்கிலும் சிவங்கி உண்டு. தமிழில் அது சிவிங்கி. தாத்தா இதற்கும் ஒரு வேர் வைத்திருந்தார்: சிவந்த அங்கம் உடையது சிவங்கி. அது அவருடைய ஊகம்தான். ஆனால் வெயிலில் காய்ந்த புல் நிறத்தில் செம்மை ஓடிய அந்தத் தோலைப் பார்க்கிறவர்களுக்கு ஊகம் பிடித்துப்போகும்.

தமிழர்களான நாம் சிவிங்கியை மறந்தே போனோம் என்று சொல்ல முடியாது. தினமும் சொல்கிறோம். ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் கழுத்து நீண்ட அந்த ஆப்பிரிக்க மிருகத்தின் படத்தைக் காட்டினால் எந்தக் குழந்தையும் 'ஒட்டகச்சிவிங்கி' என்று கத்தும். ஒட்டகம் தெரியும். பின்பாதி? அது இந்தச் சிவிங்கிதான். ஒட்டகத்தின் உருவம், சிவிங்கியின் பொட்டு. கிரேக்கர்கள் அந்த மிருகத்தைப் பார்த்தபோது ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். லின்னேயஸ் 1758-ல் எழுதிய அறிவியல் பெயரிலும் அதே சேர்க்கை இருக்கிறது. பாரசீகர்கள் நடுவில் ஒரு மாட்டையும் நுழைத்து ஒட்டக-மாடு-சிறுத்தை என்றார்கள். தமிழில் இந்தப் பெயரை ஆக்கியவர் யாரோ, அவர் அங்கே புலியைப் போடவில்லை, சிறுத்தையைப் போடவில்லை, சிவிங்கியைப் போட்டார். பொட்டு என்றதும் அவர் மனத்தில் முதலில் வந்து நின்றது அந்த மிருகம்தான். அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் மண்ணிலிருந்து போன ஒரு மிருகம், நம் மண்ணுக்கு ஒருநாளும் சொந்தமாக இல்லாத இன்னொரு மிருகத்தின் பெயருக்குள் ஒண்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

பெயர்கள் இப்படி இடம் மாறுவது புதிதல்ல. சங்கத் தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். மாலையில் கோழிக்காகக் காத்திருக்கும் வெருகை அறியாத பழந்தமிழ் வாசகர் இருக்கமாட்டார். என் மலையாளத் தோழியிடம் ஒருமுறை வெருகு என்றேன். அவள் சொன்னது புனுகுப்பூனையை. மலை தாண்டியதும் அதே சொல் வேறு உடம்புக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. மேல்கோட்டை மலைக்கே யுகத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள்: நாராயணாத்ரி, வேதாத்ரி, யாதவாத்ரி என்னும் யதுகிரி, யதிசைலம். தமிழ் வைணவர்களுக்கு அது திருநாராயணபுரம். உற்சவருக்குச் செல்வப்பிள்ளை, ராமப்ரியர், சம்பத்குமாரர் என்று பல திருநாமங்கள். மலை ஒன்று, பெருமாள் ஒருவர், பெயர்கள் பல. அதில் குழப்பம் இல்லை, ஏனென்றால் மலையும் இருக்கிறது, பெருமாளும் இருக்கிறார். சிவிங்கிக்கு நேர்ந்தது வேறு. உடம்பு போனபிறகு பெயர் மட்டும் அலைந்தது. தென்னிந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களில் பலர் சிறுத்தையையே 'சீட்டா' என்றார்கள். தோட்டக்காடுகளில் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. தெலுங்கில் சிவங்கி என்றால் இன்று பெரும்பாலும் சீறி எழும் பெண். எங்கள் வீட்டில் அது படிகளில் ஓடும் ஒரு பெண்குழந்தை.

அடையாளம் தெரிந்தவர்களுக்குக் குழப்பம் வராது. சிறுத்தையின் பொட்டு வளையம் வளையமாக நடுவில் வெளிறியிருக்கும், சிவிங்கியின் பொட்டு முழுப்பொட்டு. சிவிங்கிக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை கண்மை வழிந்ததுபோல ஒரு கருங்கோடு இறங்கும். நகத்தை மற்றப் பூனைகள்போல முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ளாது. கர்ஜிக்கவும் தெரியாது. குட்டியைக் கூப்பிடும்போது பறவைபோலக் கீச்சிடும். சிறுத்தை மரத்திலும் பாறையிலும் பதுங்கி வாழ, சிவிங்கிக்கு வேண்டியது திறந்த வெளி, புல்லும் முட்புதருமான மேட்டு நிலம், அதில் மேயும் வெளிமான்.

மைசூர்ச் சீமையின் மேட்டு நிலம் அப்படித்தான் இருந்தது. மேல்கோட்டை மலையிலிருந்து கிழக்கே பார்த்தால் ஏரிகளும் வயல்களும் இன்று தெரியும் இடமெல்லாம் ஒரு காலத்தில் மான் மேய்ந்த வெளியாக இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. ராமானுஜர் இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்பது சம்பிரதாயம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி, ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் காலம். அந்த விஷ்ணுவர்த்தனன் பேரளவுக்காவது தலைவணங்கிய மேலைச் சாளுக்கியரின் அரியணையில் அப்போது மூன்றாம் சோமேசுவரன் வந்து அமர்ந்தான். அவன் எழுதிய மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலில் அரசர்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும் இடத்தில் சிவிங்கியை வைத்து மான் வேட்டையாடும் முறை வருகிறது. யதிராசரான ராமானுஜர் மலைமேல் செல்வப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தலைமுறையில், அதே கன்னட நாட்டில் ஓர் அரசன் சிவிங்கியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வயது ஐம்பதைத் தாண்ட வேண்டியிருந்தது.

சிவிங்கியை வேட்டைக்குப் பழக்கும் முறை ராஜசபைகளில் நூற்றாண்டுகளாக நடந்தது. அதற்குக் கண்ணை மறைக்கும் குல்லாய் மாட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிப் போவார்கள். வெளிமான் கூட்டம் தெரிந்ததும் குல்லாயை எடுப்பார்கள். பிறகு நடப்பது சில நொடிக்குள் முடிந்துவிடும். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும் வேகம் அது, ஆனால் சில நூறு மீட்டருக்குமேல் தாங்காது. அதற்குள் மான் தப்பினால் சிவிங்கி நின்றுவிடும். பாட்டியின் "நில்லுடீ" அதற்குத் தேவையே இல்லை, தானே நின்று மூச்சு வாங்கும்.

குட்டியைப் பிடித்து வளர்ப்பதில் பிரயோசனம் இல்லை. தாயிடம் வேட்டை கற்ற பெரிய மிருகத்தைத்தான் பிடிக்க வேண்டும். சிவிங்கிகள் நகம் தீட்டவும் வாடை விடவும் வழக்கமாக வந்துபோகும் மரங்கள் உண்டு. பிடிப்பவர்கள் அந்த மரத்தைச் சுற்றிச் சுருக்கு வைப்பார்கள். அடைபட்ட சிவிங்கி குட்டி போடுவதில்லை. ஜகாங்கீரின் அரண்மனையில் 1613-ல் ஒருமுறை குட்டி பிறந்ததை அவரே வியந்து எழுதிவைத்தார். அதற்குப் பிறகு மனிதர் காவலில் சிவிங்கிக் குட்டி பிறந்ததாக அறியப்பட்டது 1956-ல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக்காட்சிச் சாலையில். நடுவில் முந்நூற்று நாற்பது ஆண்டுகள். அவ்வளவு காலமும் அரண்மனைகளின் தேவைக்குக் காடுதான் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்து போனது, திரும்பவில்லை. புல்வெளி உழவுக்குப் போனது, மான் குறைந்தது, துப்பாக்கி வந்தது. ஆனால் கொல்லாமலே ஒரு மிருகத்தைத் தீர்த்துவிட முடியும் என்பதற்குச் சிவிங்கியைப்போல வேறு சாட்சி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிடித்தவர்கள் அதை வெறுக்கவில்லை. சீராட்டினார்கள், பட்டுக் கயிறு கட்டினார்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் தொலைவில் இல்லை. திப்புவின் அரண்மனையிலும் வேட்டைச் சிவிங்கிகள் இருந்தன. 1799 மே 4-ந் தேதி கோட்டை விழுந்த பிறகு, அவை ஆர்தர் வெல்லெஸ்லியின் பொறுப்புக்கு வந்தன. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், அப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் படைத் தலைவர். திப்புவின் சிவிங்கிகளை வைத்து அவரும் மான் வேட்டையாடினார். இந்தக் கதையைத் தாத்தா என்னிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். நரக சதுர்த்தசி அன்று ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது மண்டயம் குடும்பங்கள் பலவற்றில் எண்ணெய்க் குளியலும் இல்லை, விளக்கும் இல்லை. திப்பு காலத்தில் எங்கள் குலத்தாருக்கு நேர்ந்த கொலைகளின் துக்கம் அது என்று வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். சென்னையில் தெருவெல்லாம் வெடி வெடிக்க, எங்கள் வீட்டு வாசல் இருட்டாக இருக்கும். அந்த மௌனத்தோடு சேர்ந்து சிவிங்கியும் எங்கள் நினைவில் பாதி மறைந்துபோயிருக்கலாம். பாட்டி சிவங்கி என்பாள், ஆனால் எந்த அரண்மனையில், யாருடைய சங்கிலியில் என்று யாரும் தொடர்ந்து சொல்லமாட்டார்கள்.

சிவிங்கிக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. கோட்டையின் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் ஊர் திரும்பியதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கியைப் பரிசளித்தார். அதைப் பார்த்துக்கொள்ள இந்தியப் பணியாளர்களும் உடன் போனார்கள். 1764 ஜூன் மாதம் விண்ட்சர் பூங்காவில் அதை ஓர் ஆண்மான் மீது ஏவினார்கள். மான் பயந்து ஓடவில்லை, கொம்பைச் சாய்த்துக்கொண்டு எதிர்த்து நின்றது. சிவிங்கி பின்வாங்கியது. வெளிமான் ஓடும், அதைத் துரத்திப் பிடிக்கப் பழகிய மிருகம், ஓடாத மானை என்ன செய்யும்? ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அந்தக் காட்சியை வரைந்தார். படம் இப்போது மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவிங்கியின் குல்லாயைப் பின்னால் தள்ளி அரைக்கச்சையைப் பிடித்திருக்கிறார், மற்றவர் கையை நீட்டி மானைக் காட்டுகிறார். 1765-ல் லண்டனில் அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தபோது அதற்கு இட்ட தலைப்பில் அந்த மிருகத்தை 'வேட்டைப் புலி' என்றுதான் குறித்தார்கள். அந்தப் பணியாளர்கள் அதை என்ன பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்தார்கள் என்பதை எழுதிவைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பெயரையும்தான்.

1947-ல், இன்று சத்தீஸ்கரில் இருக்கும் கோரியா சமஸ்தானத்தில், இரவில் காரில் போய்க்கொண்டிருந்த மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் விளக்கு வெளிச்சத்தில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். மூன்றும் ஆண், ஒரே ஈற்றில் பிறந்தவை. செத்துக் கிடக்கும் மூன்றின் பின்னால் அவர் துப்பாக்கியோடு நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. சுட்டவரின் பெயரை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நாளுக்குப் பத்து முறை கைகூப்பிச் சொல்லும் பெயர் அது. பெயருக்கு ஒரு குற்றமும் இல்லை, தெரிகிறது. ஆனாலும் வலித்தது.

எனக்குத் தெரிந்த மேல்கோட்டையில் ஓநாய் இருந்தது. "தோள பந்து தோள" என்று மாமா பயமுறுத்துவார். கன்னடத்தில் ஓநாய்க்குத் தோள. 1974-ல் மலையைச் சுற்றிய காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள், கிட்டத்தட்ட ஐம்பது சதுர கிலோமீட்டர். முக்கியமாக ஓநாய்க்காகத்தான். கோயிலின் பெயரையும் சேர்த்து அதற்கு மேல்கோட்டைக் கோயில் வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர். சிறுத்தைகள் இன்றும் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சிரதெ என்பார்கள். நாய் காணாமல் போனால் யார் எடுத்தது என்று கேட்கவேண்டியதில்லை. எங்கள் வீதியில் நெசவாளர் தறிச்சத்தம் விடியும் முன்பே தொடங்கும். தனுஷ்கோடிச் சுனைக்குப் போகும் வழியில், முடிவுறாமல் நின்றுவிட்ட ராயகோபுரத் தூண்களின் அடியில் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிடுவோம். அந்தப் புளியோதரைக்கு நிகரானதை நான் வேறெங்கும் தின்றதில்லை, இனித் தின்னப்போவதும் இல்லை. பங்குனியில் வைரமுடி சேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். மண்டியா கஜானாவிலிருந்து முடி வந்து இறங்கும் ராத்திரியில் பாட்டி எங்களைத் தூங்கவிடமாட்டாள்.

பாட்டி போனாள், தாத்தா போனார். வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் திண்ணையை எடுத்துவிட்டு ஒரு தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், யாத்திரிகர்களுக்கு இடம் வேண்டும்தானே. எனக்குத் தாங்காமல் போனது வேறொன்று. எங்கள் தலைமுறையில் அந்தத் தமிழைப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டோம். அமெரிக்காவில் இருக்கும் அத்தை பிள்ளைகள் ஆங்கிலம், பெங்களூரில் இருப்பவர்கள் கன்னடம், சென்னையில் இருக்கும் நாங்கள் சென்னைத் தமிழ். சாத்தமது என்றால் என் அண்ணன் பேரன் விழிக்கிறான். ஒரு மிருகம் குறைந்து குறைந்து வந்து கடைசியில் மூன்று நின்ற அந்த இரவை எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது.

2022 செப்டம்பர் 17-ந் தேதி நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. அவை ஆப்பிரிக்கச் சிவிங்கிகள்; நம்முடைய ஆசிய இனம் இன்று ஈரானில் மட்டும் கைவிட்டு எண்ணும் அளவில் மிஞ்சியிருக்கிறது. ஆப்பிரிக்க மிருகத்தை இங்கே கொண்டுவந்து விடுவது சரியா, நம் புல்வெளிகளை மீட்காமல் இதைச் செய்யலாமா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை. வந்தவற்றில் சில இறந்தபோது எனக்கும் மனம் கசந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் செப்டம்பர் காலையில் தமிழ்ச் செய்தித்தாள்களைப் பிரித்தபோது 'சிவிங்கிப்புலி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சில இடங்களில் சிறுத்தை என்றும் இருந்தது, சீட்டா என்றும் இருந்தது. ஆனால் பல ஆசிரியர்கள், உதவியாசிரியர்கள் அகராதியைத் திறந்து பழைய பெயரைத் தேடி எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சிறுத்தை என்று எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிறுத்தை நம்மிடம் இருக்கிறது, அதற்கு அதன் பெயரை விட்டுவிடுங்கள். சிவிங்கிக்கு நம்மிடம் மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான்.

குனோவில் வந்து இறங்கியவற்றுக்கும் புதுப்பெயர் வைத்தார்கள். ஓபான் பவன் ஆனது, சியாயா ஜ்வாலா ஆனாள். 2023 மார்ச்சில் ஜ்வாலாவுக்கு நான்கு குட்டிகள் பிறந்தன, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த சிவிங்கிக் குட்டிகள்.

நான் முதன்முதலில் உயிரோடு ஒரு சிவிங்கியைப் பார்த்தது மைசூர் விலங்குக்காட்சிச் சாலையில். சாமராஜேந்திர உடையார் 1892-ல் தொடங்கியது அது. 2020-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்று சிவிங்கிகள் அங்கே வந்தன. வேலியோரம் நடந்துகொண்டிருந்த ஒன்று திரும்பிப் பார்த்தது. தலை எவ்வளவு சின்னது, கால் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. புலியின் கனமோ சிறுத்தையின் மறைவோ அதனிடம் இல்லை. ஓடுவதற்கென்று செதுக்கியதை வெறுமனே நடக்க வைத்திருக்கிறார்கள். அதன் வயிறு ஒட்டி, தோள் ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். பாட்டி என்னிடம் எதைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு குடும்பம் கன்னடத்தில் 'சீத்தா, சீத்தா' என்று குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் சிலர் சேர்ந்து மண்டயம் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கிறோம். அச்சுப்போடுவதற்கு இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போக. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசி ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுகிறோம். ச வரிசை வந்தபோது அத்திம்பேர் "சிவங்கி – அடங்காத பெண்" என்று எழுதச் சொன்னார். அது இரண்டாவது பொருளாக இருக்கட்டும் என்றேன். முதல் பொருளை நான் சொல்ல, அவர் எழுதினார்: வெளிமானைத் துரத்தி வேட்டையாடும் பெரும்பூனை; உடம்பில் முழுப்பொட்டு, கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு; மைசூர்ச் சீமையில் முன்பு இருந்தது. "முன்பு இருந்ததுன்னு போடணுமா?" என்றார். போடச் சொன்னேன். பிறகு 'சுண்டு'வுக்குப் போனோம்.